மஞ்சள் மழைக்கோட்டுப் பையன்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் 'டார்க்' என்ற ஜெர்மன் தொடரைப் பற்றிப் போகிறபோக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதில் யோனாஸாக நடித்த இளைஞரைப் பற்றிக் கேட்டு வந்த கடிதங்கள் என் மேசையை நிறைத்துவிட்டன. ஆகவே இந்த முறை பக்கம் முழுவதையும் அவருக்கே ஒதுக்கிவிட்டேன். அரசியல் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: காட்டுக்குள் மஞ்சள் மழைக்கோட்டுடன் அலையும் அந்தப் பையன் யார்? எப்படி நடிக்க வந்தார்? (வாசகி, கும்பகோணம்)

பதில்: அவர் பெயர் லூயிஸ் ஹோஃப்மன். ஜெர்மனியின் மேற்குப் பகுதியில், கொலோன் நகரை ஒட்டிய பெர்கிஷ் கிளாட்பாக்கில் 1997ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் பிறந்தவர்; வளர்ந்தது கொலோனில். ஜெர்மனியில் பெயர் பெற்ற நடிகர்களில் பலர் நாடகப் பள்ளியில் சில ஆண்டுகள் பயின்று, ஏதேனும் ஒரு நகர அரங்கில் மாதச் சம்பளத்துக்கு நடித்து, அதன் பிறகே கேமராவின் முன் வந்து நிற்பார்கள். இவர் வந்த வழி வேறு. விடுமுறை நாளில் குடும்பத்தோடு எங்கே போய் வரலாம் என்று நேரில் பார்த்துச் சொல்லும் ஒரு வட்டாரத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் சிறுவனாகத் தோன்றினார். பிறகு தொலைக்காட்சியில் சின்னச் சின்ன வேடங்கள். 2011இல் மார்க் ட்வைனின் சிறுவர் நாவலை வைத்து ஹெர்மினே ஹுன்ட்கெபூர்ட் இயக்கிய 'டாம் சாயர்' படத்தில் குறும்புக்காரச் சிறுவன் டாமாகவே நடித்தபோதுதான் ஜெர்மன் வீடுகளில் அவர் முகம் தெரிந்தது. மறு ஆண்டே டாமின் தோழன் ஹக் ஃபின்னின் கதையும் படமாகி, அதிலும் அதே டாமாக வந்தார்.

கேள்வி: பள்ளிக்கூடம் போகிற வயதில் படப்பிடிப்புக்குப் போனால் படிப்பு என்னவாகும்? அங்கே கேட்பாரில்லையா? (ஆசிரியர், நாமக்கல்)

பதில்: நன்றாகவே கேட்பார்கள். ஜெர்மனியின் இளையோர் தொழில் பாதுகாப்புச் சட்டப்படி பதினைந்து வயது நிறையாதவர்களை வேலைக்கு வைப்பதே பொதுவாகக் குற்றம். திரைப்படத்துக்கும் தொலைக்காட்சிக்கும் விதிவிலக்கு உண்டு என்றாலும், அதை ஒவ்வொரு முறையும் அதிகாரியிடம் விண்ணப்பித்துத்தான் பெற வேண்டும். ஆறு வயதுக்கு மேற்பட்ட குழந்தை ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் நடிக்கக் கூடாது. அந்த மூன்று மணி நேரமும் காலை 8 மணிக்கும் இரவு 10 மணிக்கும் இடையில் அமைய வேண்டும். பெற்றோரின் எழுத்துப்பூர்வமான சம்மதம், மூன்று மாதத்துக்குள் வாங்கிய மருத்துவச் சான்று, இளையோர் நல அலுவலகத்தின் கருத்து, படிப்பு கெடாது என்பதற்கான உறுதி, வேலை முடிந்தபின் இடைவிடாத 14 மணி நேர ஓய்வு ஆகிய எல்லாம் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு சிறுவனைக் கதாநாயகனாக வைத்துப் படம் எடுப்பவர் நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்தை வைத்துக்கொண்டு முழுப் படத்தையும் முடிக்க வேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள். அங்கே தயாரிப்பு மேலாளருக்குத் தலை சீக்கிரம் நரைத்துவிடும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: டென்மார்க் படம் ஒன்றில் நடித்து ஆஸ்கர் வரை போனாராமே, அது என்ன கதை? (வாசகர், காரைக்குடி)

பதில்: ஆஸ்கருக்குப் போனது படம். 'மணலுக்கு அடியில்' என்று பொருள்படும் தலைப்பில் மார்ட்டின் ஸாண்ட்ஃப்லியெட் என்ற டேனிஷ் இயக்குநர் 2015இல் எடுத்த அந்தப் படம், 2017ஆம் ஆண்டு ஆஸ்கரில் சிறந்த வேற்றுமொழிப் படத்துக்கான ஐந்தில் ஒன்றாக நின்று, ஈரானிய இயக்குநர் அஸ்கர் ஃபர்ஹாதியின் படத்திடம் தோற்றது.

இரண்டாம் உலகப்போரின்போது, நேச நாட்டுப் படைகள் கடல் வழியாக இறங்கிவிடும் என்று அஞ்சி, டென்மார்க்கின் மேற்குக் கரை நெடுகிலும் ஜெர்மானியர்கள் கண்ணிவெடிகளைப் புதைத்து வைத்திருந்தார்கள். 1945இல் போர் முடிந்ததும், சிறைபிடிக்கப்பட்ட ஜெர்மன் வீரர்களைக் கொண்டே அவற்றைத் தோண்டி எடுக்க வைத்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வெடிகளை எடுத்தார்கள் என்றும், அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இறந்தோ உறுப்பிழந்தோ போனார்கள் என்றும் படத்தின் முடிவில் எழுதிக் காட்டுகிறார்கள். போரின் கடைசி மாதங்களில் சீருடை மாட்டி அனுப்பப்பட்ட பிள்ளைகள் அவர்களில் நிறையப் பேர். வெடியைப் புதைக்கச் சொன்னவர்கள் வேறு யாரோ. வயிறு மணலில் உராயக் குப்புறப் படுத்து, மெல்லிய இரும்புக் கம்பியால் ஒவ்வொரு சாணாகக் குத்திப் பார்த்து நகர்ந்தவர்கள் இந்தப் பையன்கள்.

அவர்களில் ஒருவனான செபாஸ்டியன் ஷூமனாக ஹோஃப்மன் வருகிறார். படத்தின் தொடக்கத்தில் ஒரு பயிற்சிக் காட்சி இருக்கிறது. ஒவ்வொரு பையனும் தனியாக ஓர் அறைக்குள் போய், உண்மையான வெடி ஒன்றின் மூடியைத் திருகிக் கழற்றி, உள்ளே இருக்கும் திரியைச் செயலிழக்கச் செய்துவிட்டு வெளியே வர வேண்டும். மற்றவர்கள் வெளியே தங்கள் முறைக்காகக் காத்திருக்கிறார்கள். பின்னணி இசை எதுவும் நமக்கு முன்கூட்டி எதையும் சொல்லிவிடுவதில்லை. திருகும் விரல்களையும் வியர்க்கும் நெற்றியையும் பார்த்துக்கொண்டு நாமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். பையன்களை வேலை வாங்கும் டேனிஷ் சார்ஜன்டாக நடிக்கும் ரோலண்ட் மோலர் முதலில் வெறுப்பே உருவானவராக வருகிறார். அவரிடம் போய்ச் சோறு கேட்பவன் செபாஸ்டியன்தான். கெஞ்சாமல், முறைக்காமல், கண்ணைத் தாழ்த்தியும் தாழ்த்தாமலும் அவன் பேசுகிற விதத்தில், எதிரில் இருப்பவர் கோபத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கிறார். 2015ஆம் ஆண்டு டோக்கியோ திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருதை மோலர், ஹோஃப்மன் இருவருக்கும் பகிர்ந்தளித்தார்கள். ஒருவரை விட்டு மற்றவருக்குக் கொடுத்திருக்க முடியாது என்பது படத்தைப் பார்த்தால் புரியும்.

கேள்வி: 'டார்க்' தொடரில் ஒரே யோனாஸாக மூன்று பேர் நடிக்கிறார்கள். இதில் ஹோஃப்மனுக்குத் தனியாக என்ன பெருமை? (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

பதில்: தொடரை இன்னும் பார்க்காதவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிச் சென்றுவிடுங்கள்; மர்மத்தை உடைக்காமல் இதற்குப் பதில் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

பாரான் போ ஓடாரும் யான்ட்யே ஃப்ரீஸேயும் உருவாக்கிய இத்தொடர், நெட்ஃபிளிக்ஸ் ஜெர்மன் மொழியில் தயாரித்த முதல் தொடர். 2017 டிசம்பரில் தொடங்கி 2020 ஜூனில் முடிந்தது. மொத்தம் 26 பகுதிகள். அணுமின் நிலையம் உள்ள விண்டன் என்ற கற்பனை ஊரில், ஒரு குகை வழியாக 33 ஆண்டுகளுக்கு ஒருமுறை காலம் திறந்துகொள்கிறது. இளம் யோனாஸாக ஹோஃப்மன், நடுவயது யோனாஸாக ஆண்ட்ரியாஸ் பீட்ஷ்மன், முகம் சிதைந்த கிழவராக டீட்ரிஷ் ஹோலிண்டர்பாய்மர். மற்ற இருவருக்கும் ஒரு வசதி உண்டு: அவர்களுடைய யோனாஸுக்கு எல்லாம் தெரியும். ஹோஃப்மனுடைய யோனாஸுக்கு எதுவும் தெரியாது. அப்பா தூக்கிட்டு இறந்துவிட்டார், ஏன் என்று தெரியவில்லை என்ற இடத்தில் தொடங்கி, பார்வையாளர்களாகிய நாம் தெரிந்துகொள்ளும் அதே வேகத்தில் அவனும் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த அதிர்ச்சிகளை ஒரு முகத்தில் அளவாகப் பிரித்து வைப்பது எளிதான காரியம் அன்று.

முதல் பருவத்தில் ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். 1986ஆம் ஆண்டுக்குப் போன யோனாஸ், காணாமல் போன சிறுவன் மிக்கெலை மருத்துவமனைக்கு வெளியே கண்டுவிடுகிறான். கையைப் பிடித்து அழைத்துப் போனால் போதும், சிறுவனின் வீட்டுத் துயரம் தீர்ந்துவிடும். ஆனால் அந்தச் சிறுவன்தான் அங்கேயே வளர்ந்து தனக்கு அப்பாவாகப் போகிறவன். அவனை மீட்டால் தான் பிறக்கவே மாட்டோம். தன் தகப்பனைக் குழந்தையாகப் பார்க்கும் மகனின் முகம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு எந்த நடிகனுக்கும் முன்மாதிரி கிடையாது. ஹோஃப்மன் அழவில்லை, வசனமும் இல்லை. கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கிறார், அவ்வளவுதான். எனக்கு அந்தச் சில நொடிகள் மூன்றாம் பருவத்தின் இரட்டை உலகக் குழப்பங்கள் அனைத்தையும் விடப் பெரியவை.

கேள்வி: ஆங்கிலக் குரலில் பார்க்கலாமா? (வாசகி, ஈரோடு)

பதில்: ஜெர்மன் குரலில் பாருங்கள். ஹோஃப்மன் பாதி வசனத்தை மூச்சிலேயே பேசுகிறவர். டப்பிங்கில் அந்த மூச்சு போய்விடுகிறது.

கேள்வி: ஜெர்மன் நடிகர் என்றாலே நாஜி சீருடைதானா? வேறு வேடமே தர மாட்டார்களா? (வாசகர், சேலம்)

பதில்: வெளிநாட்டுத் தயாரிப்புகளைப் பொறுத்தவரை உங்கள் சலிப்பு நியாயமானதே. 2023இல் வந்த 'ஆல் தி லைட் வி கேனாட் ஸீ' என்ற நான்கு பகுதித் தொடரில் வானொலி அலைவரிசைகளைத் தேடிப் பிடிக்கும் வெர்னர் என்ற ஜெர்மன் சிப்பாய். 2024இல் 'மாஸ்டர்ஸ் ஆஃப் தி ஏர்' தொடரில் பிடிபட்ட அமெரிக்க விமானியை இனிமையாகப் பேசி விசாரிக்கும் அதிகாரி. முதலாவதில் ஜெர்மானியர்கள் தமக்குள்ளேயே ஆங்கிலத்தில் பேசிக்கொள்கிறார்கள். இருட்டில் வானொலிப் பெட்டியின் முன் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்போது நன்றாக இருக்கும் ஹோஃப்மன், வாயைத் திறந்ததும் பாதியாகிவிடுகிறார். அது அவர் பிழை என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் இதற்கு நேர் எதிரான வேடம் ஒன்றும் உண்டு. மாகி பேரன் இயக்கி 2022ஆம் ஆண்டு பெர்லின் விழாவில் திரையிடப்பட்ட 'டெர் பாஸ்ஃபெல்ஷர்', அதாவது கடவுச்சீட்டுப் போலி செய்பவன், என்ற படத்தில் அவர் சியோமா ஷோன்ஹவுஸ் என்ற யூத இளைஞராக நடித்தார். ஷோன்ஹவுஸ் உண்மையில் வாழ்ந்தவர். பெற்றோரை நாஜிகள் கொண்டுபோன பிறகு, இருபது வயதில் பெர்லின் நகரின் நடுவிலேயே ஒளிந்திருந்து, அடையாளச் சீட்டுகளைத் திருத்திப் பல யூதர்களின் உயிரைக் காத்தார். 1943இல் சைக்கிளிலேயே புறப்பட்டு சுவிட்சர்லாந்துக்குத் தப்பினார். வேறொருவருடைய சீட்டில் புதிய புகைப்படத்தை ஒட்டிவிட்டு, முத்திரையில் விடுபட்ட பகுதியைத் தூரிகை நுனியால் நிரப்பும்போது, பள்ளி ஓவியப் போட்டிக்கு வந்த மாணவனைப் போன்ற உற்சாகம் ஹோஃப்மனின் முகத்தில். பயந்து நடுங்கும் யூதரையே பார்த்துப் பழகிய நமக்கு, பளபளப்பாக உடுத்திக்கொண்டு உணவகத்துக்குப் போகும் இந்தத் துணிச்சல்காரன் முதலில் எரிச்சலூட்டுவான். அந்த எரிச்சலை இயக்குநரும் நடிகரும் தெரிந்தே வரவழைக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: 'ஷூட்டிங் ஸ்டார்' பட்டம் பெற்றவர் என்கிறார்களே, அது என்ன? (வாசகர், புதுச்சேரி)

பதில்: ஐரோப்பிய நாடுகளின் இளம் நடிகர்கள் பத்துப் பேரை ஆண்டுதோறும் பொறுக்கி எடுத்து, பெர்லின் விழாவில் உலகத் தயாரிப்பாளர்களுக்கு அறிமுகம் செய்து வைக்கும் ஏற்பாடு. 2017இல் ஜெர்மனியின் சார்பில் ஹோஃப்மன். டேனியல் கிரெய்க் ஜேம்ஸ் பாண்டாவதற்கு முன்பு 2000இல் இதே மேடையில் நின்றவர்.

கேள்வி: இவர் எல்லாப் படத்திலும் சோகமாகவே இருக்கிறார். சிரிக்கவே மாட்டாரா? (வாசகி, திருச்சி)

பதில்: உங்கள் கேள்வியை அவருக்கு வேடம் தருகிறவர்களிடம் கேட்க வேண்டும். பெரியவர்கள் செய்து வைத்ததைச் சுமக்கிற பையன் என்றால் அந்த முகம்தான் நினைவுக்கு வருகிறது போலும். மார்க் ப்ரும்முன்ட் இயக்கிய 'ஃப்ரைஷ்டாட்' படத்தில் அவர் பதினான்கு வயது வோல்ஃப்காங். ஆண்டு 1968, ஊரெங்கும் இளைஞர்கள் விடுதலைப் பாட்டுப் பாடிக்கொண்டிருக்க, அடங்காத பிள்ளை என்று சொல்லி மாற்றாந்தந்தை அவனைத் தேவாலயம் நடத்தும் ஒரு விடுதியில் கொண்டுபோய் விடுகிறார். அங்கே சதுப்பு நிலத்தில் இறங்கி, எரிபொருளுக்கான கரிமண்ணைக் கட்டி கட்டியாக வெட்டுவதுதான் கல்வி. கூலி கிடையாது, பேசினால் அடி. இது வெறும் கற்பனை அன்று. போருக்குப் பிந்தைய மேற்கு ஜெர்மனியில் 1975 வரை ஏழு முதல் எட்டு லட்சம் பிள்ளைகள் விடுதிகளில் வளர்ந்தார்கள். அவர்களில் பலர் பட்ட கொடுமைகளை அரசு அமைத்த குழு விசாரித்து, பின்னர் இழப்பீட்டு நிதியும் ஏற்படுத்தப்பட்டது. முதல் பாதியில் திமிரும் அந்தப் பையனின் தோள்கள் கடைசியில் எப்படி இருக்கின்றன என்று கவனியுங்கள். வசனத்தைவிட அந்தத் தோள்களே அதிகம் பேசுகின்றன.

சிரிக்கும் ஹோஃப்மனைத்தான் பார்க்க வேண்டுமென்றால், 'டாம் சாயர்' இருக்கிறது. பதின்மூன்று பதினான்கு வயதுப் பையன் வேலிக்கு வெள்ளையடிக்கும் வேலையை மற்ற பையன்களின் தலையில் கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறான். பேரப்பிள்ளைகளோடு சேர்ந்து பாருங்கள்.