தலையில் அடிபட்டால் அன்றைய ஆட்டம் முடிந்தது: ஹாக்கி கேள்வி-பதில்

ஐஸ் ஹாக்கி வீரர்கள் எல்லோரும் ஹெல்மெட் போடுகிறார்கள். பிறகும் ஏன் மூளை அதிர்வு? (குன்னூர்)

ஹெல்மெட் காப்பது மண்டை ஓட்டைத்தான். ஓடிவந்த தலை சட்டென்று நின்றாலோ திரும்பினாலோ உள்ளே மூளை குலுங்கி நரம்பிழைகள் இழுபடும். தலையிலேயே அடி விழ வேண்டும் என்றில்லை. உடம்பில் பட்ட மோதல் கழுத்தை வெட்டி இழுத்தாலும் போதும். ஐஸ் ஹாக்கியில் மவுத்கார்டு (வாய்க்குள் போடும் பல் கவசம்) போடுபவர்களுக்கு இந்த அதிர்வு ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைகிறது. சிறுவர் ஆட்டத்தில் உடம்பால் மோதுவதைத் தடை செய்ததில் பாதிக்கும் மேல் குறைந்தது. ஆக, கவசத்தைவிட விதிதான் பெரிய காவல்.

வெலிங்டனில் நடந்த மேட்சில் மகனுக்குத் தலை மோதியது. மயங்கவில்லை, முழு ஆட்டமும் ஆடினான். ஊட்டி திரும்பும் வழியில் வாந்தி எடுத்தான். பஸ் வளைவில் வந்த வாந்தி என்று விட்டுவிடலாமா? (ஊட்டி)

விடக்கூடாது. தலையில் அடிபட்டவர் வாந்தி எடுத்தால், மலைப்பாதையின் மேல் பழி போடாமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மூளை அதிர்வு வந்தவர்களில் மயங்குபவர்கள் 10 பேரில் ஒருவருக்கும் குறைவு. "மயங்கலையே" என்று திரும்ப இறக்கிவிடுவதுதான் நம் மைதானங்களில் நடக்கும் மிகப் பெரிய தவறு. அந்த நிலையில் இன்னொரு அடி விழுந்தால், குறிப்பாகச் சிறுவர்களுக்கு, மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.

பயிற்சியாளர் ஓரமாக உட்காரவைத்துக் கேட்க வேண்டியவை: இது எந்த மைதானம்? கடைசி கோல் யார் போட்டது? போன மேட்ச் யாரோடு, ஜெயித்தோமா? ஒன்றில் தடுமாறினாலும் அன்று ஆட்டம் இல்லை. எல்லாம் சரியாகச் சொல்லியும் தலைவலி, மங்கல் பார்வை, தள்ளாட்டம், வழக்கமில்லாத எரிச்சல் இருந்தால் அப்போதும் இல்லை.

தலைவலி ஏறிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, கை கால் மரத்துப்போவது, இரட்டைப் பார்வை, கழுத்து வலி, நினைவு தப்புவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108. கழுத்து வலித்தால் ஆளை அசைக்காதீர்கள்.

இரவில் தூங்க விடலாமா? (கோத்தகிரி)

மேலே சொன்ன அறிகுறிகள் இல்லையென்றால் தூங்கட்டும், தனியாக விடாதீர்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் வேண்டாம். மது கூடாது, வண்டி ஓட்டக்கூடாது.

என்ஹெச்எல்லில் (வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்) அடிபட்டவரை உண்மையிலேயே வெளியே எடுக்கிறார்களா? (கூடலூர்)

எடுக்கிறார்கள், தாமதமாகக் கற்றுக்கொண்டு. எதிராளியின் தலையைக் குறிவைத்து மோதுவதைத் தடுக்கும் 48-ஆவது விதி 2010-ல்தான் வந்தது. அந்த லீக்கின் நட்சத்திர வீரர் சிட்னி கிராஸ்பி 2011 ஜனவரி 1-ல் தலையில் அடி வாங்கி, 5-ஆம் தேதி மீண்டும் ஆடி, மறுபடி அடிபட்டார். களத்துக்குத் திரும்ப நவம்பர் ஆனது. 2016-17 சீசனிலிருந்து திரையில் ஆட்டத்தைப் பார்க்கும் மையக் கண்காணிப்பாளர்களே வீரரை வெளியேற்றச் சொல்லலாம். அணி மறுக்க முடியாது. நம் பள்ளி மேட்சில் அந்த அதிகாரத்தை ஆடாத ஒரு ஆசிரியருக்கு முன்கூட்டியே கொடுத்துவைக்கலாம், செலவே இல்லை.

எப்போது திரும்ப ஆடலாம்? (குன்னூர்)

முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு. ஆனால் இருட்டறையில் படுத்துக் கிடக்க வேண்டாம். வீட்டு வேலை, மெல்லிய நடை சரி, செல்போனைக் குறையுங்கள். பிறகு லேசான ஓட்டம், தனியாகப் பயிற்சி, மோதலில்லாத பயிற்சி, மருத்துவர் அனுமதியோடு முழுப் பயிற்சி, கடைசியில் மேட்ச். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். மோதலில்லாத பயிற்சிக்கு முன் அறிகுறிகள் முழுக்கப் போயிருக்க வேண்டும். நம் ஊரில் ஒரு சிக்கல்: வீட்டு வாசலைத் தாண்டினாலே மேடு, இதயத் துடிப்பு எகிறிவிடும். ஆரம்ப நாட்களில் சமதளத்தில் மட்டும் நடக்கச் சொல்லுங்கள். பள்ளிக்கு முழுதாகப் போன பிறகே மைதானம்.