பழைய கொடி வேறு, பழைய ஒயின் வேறு

கேள்வி: வேலை விஷயமாக அடுத்த மாதம் பார்சிலோனா போகிறேன். ஒயின் ரசிகரான மைத்துனருக்கு நல்ல சிவப்பு ஒயின் ஒன்று வாங்கி வர ஆசை. ‘வின்யாஸ் வியேஹாஸ்’ என்று போட்ட பாட்டிலாகப் பார்த்து வாங்கச் சொன்னார் நண்பர். தேடினால் 12 யூரோவிலும் இருக்கிறது, 60 யூரோவிலும் இருக்கிறது. இரண்டிலுமே வருடம் 2021தான். பழையது என்றால் ஏன் 2021? எதை வாங்குவது?

பதில்: அந்த ஸ்பானியச் சொல்லுக்குப் பழைய கொடிகள் என்று பொருள். வயது கொடிக்குத்தான், ஒயினுக்கு இல்லை. 2021 என்பது திராட்சையைப் பறித்த வருடம். எண்பது வயதுத் தென்னையில் நேற்று இறக்கிய இளநீர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒயினின் வயதுக்கு வேறு சொற்கள் உண்டு. ஸ்பெயினின் ரியோஹா வட்டாரத்துப் பாட்டிலில் ‘கிரான் ரெசெர்வா’ என்று இருந்தால், குறைந்தது 5 வருடம் வைத்திருந்து விற்கிறார்கள், அதில் 2 வருடமாவது ஓக் பீப்பாயில் கிடந்தது என்று அர்த்தம். இதற்குக் கறாரான விதி இருக்கிறது. பழைய கொடிக்கு ஸ்பெயின் முழுமைக்குமான அப்படி ஒரு வரையறை இல்லை. சர்வதேசத் திராட்சை, ஒயின் அமைப்பு 2024இல் 35 வயது என்று ஒரு கணக்குச் சொன்னது, அதுவும் பரிந்துரைதான். ஆக, லேபிளை மட்டும் நம்பி 60 யூரோ கொடுக்காதீர்கள். 12 யூரோ பாட்டிலைக் குறைத்து எடை போடவும் வேண்டாம். ஸ்பெயினின் கலத்தாயூத், கம்போ தெ போர்ஹா பக்கம் கர்னாச்சா என்ற திராட்சை வகையின் பழைய கொடிகள் நிறைய; அங்கே அந்த விலைக்கே நல்ல ஒயின் கிடைக்கும்.

அப்புறம் எதற்கு 60 யூரோ? பார்சிலோனாவிலிருந்து காரில் சுமார் 2 மணி நேரத்தில் வரும் பிரியோராத் என்ற ஒயின் வட்டாரத்தைப் பார்த்தால் புரியும். செங்குத்தான மலைச்சரிவு. மண் என்று சொல்லவே முடியாது, கால் வைத்தால் ஓடு உடைவது போல நொறுங்கும் கரும்பலகைக் கல். நம் தேனி மாவட்டத்துக் கம்பம் ஊரில் பார்க்கும் திராட்சைப் பந்தல் இங்கே கிடையாது. முறுக்கிக்கொண்ட குட்டையான கட்டைகள் தனித்தனியாக நிற்கும். வேர் கல்லிடுக்கில் தண்ணீர் தேடிப் பல மீட்டர் இறங்கியிருக்கும். வயதான ஒரு கொடியில் சில வருடம் ஒரு கிலோ திராட்சைகூடத் தேறாது. ஒரு பாட்டிலுக்கே கிட்டத்தட்ட அவ்வளவு வேண்டும். பல சரிவுகளில் டிராக்டர் ஏறாது, கையால்தான் பறிக்க வேண்டும். விலை அங்கேதான் ஏறுகிறது. குறைவாகக் காய்ப்பதால் சாறு அடர்த்தியாக இருக்கும் என்பது பொதுவாகச் சரி. ஆனால் கிழக்கொடி என்பதாலேயே ருசி வந்துவிடாது, செய்பவர் கையும் வேண்டும்.

1980களின் கடைசியில் ரெனே பார்பியே, அல்வாரோ பலாசியோஸ் போன்ற ஒயின் தயாரிப்பாளர்கள் இந்தக் கைவிடப்பட்ட சரிவுகளுக்கு வந்தார்கள். பலாசியோஸின் ‘லெர்மிதா’ என்ற ஒயின் 1993 அறுவடையில் தொடங்கியது. இன்று ஒரு பாட்டில் ஆயிரம் யூரோவைத் தாண்டும். மைத்துனர்மேல் எவ்வளவு பாசம் இருந்தாலும் அது வேண்டாம்.

பிரியோராத்தில் ஒரு வசதி: பழைய கொடிகள் என்பதற்கு ‘வின்யெஸ் வெல்யெஸ்’ என்று அந்தப் பகுதியின் கத்தலான் மொழியில் போட, கொடிக்கு 75 வயது தாண்டியிருக்க வேண்டும், அல்லது 1945க்கு முன் நட்டிருக்க வேண்டும் என்பது அந்த வட்டாரத்தின் விதி. மற்ற ஊர் பாட்டில் என்றால் பின்பக்க லேபிளில் நட்ட வருடமோ தோட்டத்தின் பெயரோ இருக்கிறதா பாருங்கள். பணத்தை மிச்சம் பிடிக்க நினைத்தால், பிரியோராத்தைச் சுற்றி வளையம் போலக் கிடக்கும் மோன்சான் வட்டாரத்துப் பாட்டிலைக் கேளுங்கள். நான் வாங்குவதென்றால் அதைத்தான் எடுப்பேன்.

இந்தியாவுக்குள் 2 லிட்டர் வரை சுங்க வரி இல்லை, அதாவது இரண்டு பாட்டில் தாராளமாக. வீட்டுக்கு வந்ததும் பரணில் போடாதீர்கள், வெயிலில் ஒயின் வெந்துவிடும்; ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் படுக்க வையுங்கள். குடிப்பதற்கு முன்பு வெளியே எடுத்து வையுங்கள், குடிக்கும்போது 16 முதல் 18 டிகிரிக்குள் இருக்கட்டும். இந்தப் பக்கத்து ஒயினில் ஆல்கஹால் 15 சதவீதத்தையும் தொடும். மிளகாய் தூக்கலான மட்டன் சுக்காவோடு குடித்தால் காரம் மண்டைக்கு ஏறும். காரம் குறைந்த பிரியாணி என்றால் சரி.