நிலத்தை விற்காதீர்கள் ஐயா, மகனைப் பட்டறைக்கு அனுப்புங்கள்

மன்னார்குடியிலிருந்து எழுதிய ஐயாவுக்கு வணக்கம்.

மகன் மெக்கானிக்கல் டிப்ளமோ முடிக்கப் போகிறான், திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் நிரந்தர வேலை வாங்கித் தர ஒருவர் பணம் கேட்கிறார், இரண்டு மா நிலத்தை விற்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். விற்காதீர்கள். அந்த வேலைக்கு அறிவிப்பு, விண்ணப்பம், தேர்வு என்ற வழிதான் உண்டு. காசு கேட்கிறவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள்.

இன்னொன்று. 2021 அக்டோபரில், திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலையையும் நடத்திவந்த படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து, அதன் ஆலைகளை ஏழு அரசு நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். இனி அவை ஆர்டர் பிடித்துத்தான் நடக்க வேண்டும். ராணுவக் கொள்முதலில் 2020 விதிகளின்படி முதல் முன்னுரிமை, இங்கேயே வடிவமைத்து, குறைந்தது பாதி உள்நாட்டு மதிப்போடு செய்த பொருளுக்கு. மத்திய அரசுத் துறைகளும் நிறுவனங்களும் வருடாந்திரக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. 2019-ல் தொடங்கிய தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் திருச்சியும் ஒரு மையம். ஆகவே, பெரிய ஆலையின் கேட்டை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்காமல், பெல் (BHEL) என்ற அரசு நிறுவனத்துக்கு பாய்லர் பாகம் செய்து பழகிய, திருச்சியை அடுத்த துவாக்குடிப் பட்டறைகளையும் பாருங்கள்.

அங்கே ஆள் தேவைப்படும் இடம், பொருளின் தரத்தைச் சோதிக்கும் ஆய்வு. ஒரு இரும்புத் தண்டு வந்தால், அதில் குத்தியிருக்கும் ஹீட் நம்பரும் (எந்த உருக்கில் வார்த்தது என்று காட்டும் எண்) சோதனைச் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். கடைந்த முதல் பீஸை மைக்ரோமீட்டரில் அளந்து, டிராயிங்கோடு ஒப்பிட்டு எழுதி வைக்க வேண்டும். அளவு சரியாக இருந்தும் காகிதம் சரியில்லை என்றால் சரக்கு திரும்பிவிடும். நம் பிள்ளைகள் இதை வேலையாகவே நினைப்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

அரசு ஆர்டர் தாமதமாகும், சில மாதம் வராமலும் போகும். அதனால் ராணுவத்துக்கு மட்டுமே உதவுகிற படிப்பு வேண்டாம். சி.என்.சி. (கணினி கட்டுப்படுத்தும் எந்திரம்) இயக்கம், வெல்டிங் ஆய்வு, அளவியல் தெரிந்தவனுக்கு பாய்லர், ரயில், வாகனம் எல்லாவற்றிலும் இடம் உண்டு. பெல் வளாகத்து வெல்டிங் ஆராய்ச்சி நிலையத்தில் இதற்கான பயிற்சிகள் இருக்கின்றன, விசாரியுங்கள்.

ரிசல்ட் வந்ததும் மகனை அப்ரண்டிஸ் பயிற்சிக்குப் பதிவு செய்யச் சொல்லுங்கள். உதவித்தொகை குறைவுதான், ஆனாலும் அந்த ஒரு வருடத்தை விட்டுவிட வேண்டாம். பட்டறையில் சேரும்போது சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால், தனி ஆய்வு அறை இருக்கிறதா என்று கேட்கட்டும்.