சிட்ரோன் டி.எஸ்.: அந்தச் சிக்கல் எதற்காக? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய பிரெஞ்சுக் கார்களைப் பற்றிய கட்டுரையில் சிட்ரோன் டி.எஸ். காரை மிகவும் வியந்து எழுதியிருந்தீர்கள். என் அப்பா நாற்பது ஆண்டுகள் மெக்கானிக்காக இருந்தவர். கட்டுரையை அவருக்கு வாசித்துக் காட்டினேன். “எண்ணெய் கசிந்தால் சஸ்பென்ஷன், பிரேக், கியர், ஸ்டியரிங் எல்லாம் ஒன்றாகப் படுத்துவிடும் என்றால் அது எப்படி நல்ல வண்டி?” என்று கேட்டார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அந்தக் காரில் இருந்தது பொறியியலா, பகட்டா?

கே., மதுரை

அன்புள்ள கே.,

உங்கள் அப்பாவின் கேள்வியில் பாதி சரி. அந்தப் பாதியை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 1955 அக்டோபரில் பாரிஸ் கார் கண்காட்சியில் டி.எஸ். 19 அறிமுகமானபோது ஒரே நாளில் ஏறத்தாழ 12,000 பேர் பதிவு செய்தார்கள். ஆனால் வண்டி இன்னும் முழுமையாகப் பக்குவப்பட்டிருக்கவில்லை. முதலில் வந்த கார்களில் எண்ணெய்க் கசிவு தொல்லையாக இருந்தது. ஊர்ப்புற மெக்கானிக்குகளுக்கோ திரவ அழுத்தத்தில் இயங்கும் அந்த அமைப்பு முற்றிலும் புதிது. அப்போது பயன்படுத்திய திரவம் ஈரத்தை உறிஞ்சி, உள்ளிருந்தே உதிரிபாகங்களைத் துருப்பிடிக்க வைத்தது. 1966-இல் பச்சை நிறக் கனிம எண்ணெய்க்கு மாறிய பிறகுதான் அந்தக் குறை பெரும்பாலும் தீர்ந்தது.

ஆனால் பகட்டு என்பதை என்னால் ஏற்க முடியாது. டி.எஸ்.ஸை உருவாக்கிய பொறியாளர் ஆந்த்ரே லெஃபெவ்ர், வடிவமைப்பாளர் ஃப்ளாமினியோ பெர்த்தோனி இருவரும் அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பு, 1948-இல் வெளிவந்த சிட்ரோன் 2சி.வி. காரிலும் உழைத்தவர்கள். 375 சி.சி. எஞ்சின், 9 குதிரைத்திறன், சுருட்டி வைக்கக்கூடிய துணிக்கூரை, கழற்றி வெளியே போட்டு உட்காரக்கூடிய இருக்கைகள் என்று ஒரு குடியானவர் தானே பழுது பார்த்துக்கொள்ளும் அளவுக்கு எளிய வண்டி அது. உங்கள் அப்பா விரும்பும் காரை எப்படிச் செய்வது என்று நன்றாகத் தெரிந்தவர்கள்தான், எளிய வழி கைகொடுக்காத இடத்தில் சிக்கலான வழியைத் தேர்ந்தார்கள்.

அந்த இடம் சஸ்பென்ஷன். இரும்பு ஸ்பிரிங் மென்மையாக இருந்தால் பயணம் சுகமாக இருக்கும், ஆனால் நான்கு பேரும் பெட்டிகளும் ஏறியதும் வண்டியின் பின்பக்கம் அமுங்கிவிடும். அமுங்காதபடி விறைப்பாக வைத்தால், தனியாக ஓட்டிச் செல்பவரின் இடுப்பு ஒடியும். பொறியியல் பட்டம் எதுவும் பெறாத, சிட்ரோனில் பணியாற்றிய போல் மாஜெஸ் இதற்கு ஒரு வழி கண்டார். ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஓர் இரும்பு உருண்டை, அதன் நடுவே ரப்பர் சவ்வு, மேலே நைட்ரஜன் வாயு, கீழே திரவம். சுமை கூடும்போது வாயு நெருக்கப்பட்டு, ஸ்பிரிங் தானாகவே விறைப்பாகிறது. அதனால் தாழ்ந்த வண்டியை, எஞ்சினால் இயங்கும் பம்ப் கூடுதல் திரவத்தை அனுப்பிப் பழைய உயரத்துக்கே தூக்கிவிடுகிறது. மென்மை, நிலையான உயரம் இரண்டும் ஒருசேரக் கிடைக்கின்றன. பம்ப் ஒன்று எப்படியும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதால் அதே அழுத்தத்தை பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிளட்சுக்கும் கியருக்கும் கொடுத்தார்கள். பிரேக்குக்கென்று அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் கலன் தனியே உண்டு. அழுத்தம் போய்விட்டாலும் ஸ்டியரிங் கனக்குமே தவிர, சக்கரத்தோடு அதற்குள்ள இணைப்பு அறுவதில்லை.

பிரான்ஸில் ஒரு சிற்றூரின் தெருவோரத்தில் இந்தக் கார் புறப்படுவதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தேன். இரவெல்லாம் நின்றிருந்ததில் அடிவயிறு தரையைத் தொட்டுவிடும் போலத் தாழ்ந்திருந்தது. எஞ்சின் ஓடத் தொடங்கிச் சில நொடிகளில் முதலில் பின்பக்கம் எழுந்தது, பிறகு முன்பக்கம், படுத்திருந்த மாடு எழுவதைப் போலவே. ஓட்டுநர் அதை ஏறிட்டும் பார்க்காமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1962 ஆகஸ்ட் 22 அன்று பாரிஸை அடுத்த பெத்தி கிளாமாரில் பிரெஞ்சு அதிபர் தெகோலைக் கொல்ல அவருடைய டி.எஸ். காரைச் சுட்டபோது டயர்கள் வெடித்தும் வண்டி நிற்காமல் தப்பியது. இதைச் சஸ்பென்ஷனின் பெருமையாகவே பலரும் சொல்கிறார்கள். முன்சக்கரங்கள் திரும்பும் அச்சு சக்கரத்தின் நட்டநடுவே அமைந்திருந்ததற்கும் இதில் பெரும் பங்கு உண்டு என்பது என் எண்ணம். அச்சு அங்கே இருந்தால், காற்று போன டயர் ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக இழுக்காது. படத்தில் தெரியாத, விளம்பரத்துக்கு உதவாத இத்தகைய கவனம்தான் இந்தக் காரின் மேல் எனக்குள்ள மதிப்புக்குக் காரணம். அதே வண்டியின் எஞ்சின் முப்பதுகளின் சிட்ரோன் டிராக்ஸியோன் அவான் காரிலிருந்து வந்த பழைய வகை என்பது எனக்கு இன்றும் வருத்தமே.

மற்ற நிறுவனங்கள் இதைத் தொடவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1965-இல் வந்த ரோல்ஸ்-ராய்ஸ் சில்வர் ஷேடோவின் உயரச் சமன் அமைப்பு சிட்ரோனிடம் உரிமம் பெற்றுச் செய்ததுதான்.

உங்கள் அப்பாவிடம் இதையும் சொல்லுங்கள். டி.எஸ்.ஸின் பின்சக்கரம் பஞ்சரானால் மட்கார்டைத் தாங்கும் ஒரே போல்ட்டைக் கழற்றினால் போதும், மட்கார்டு தனியே வந்துவிடும். டிரைவர் இருக்கைக்கு அருகிலுள்ள நெம்புகோலைத் தள்ளினால் வண்டி முழு உயரத்துக்கு எழும். பக்கவாட்டில் ஒரு முட்டுக்காலைப் பொருத்திவிட்டு நெம்புகோலைத் தாழ்த்தினால், அந்தப் பக்கச் சக்கரங்கள் தாமே தரையை விட்டு மேலே வரும். ஜாக்கியைச் சுழற்றும் வேலையே இல்லை.

அன்புடன்,
ஆசிரியர்