ஜெனட்டிக் அல்காரிதம் தெரியும், நில அதிர்வு ஆராய்ச்சிக்கு வரலாமா?

கேள்வி: எம்.எஸ்சி. இயற்பியல் இறுதியாண்டு படிக்கிறேன். ஜெனட்டிக் அல்காரிதத்தை வைத்து ஒரு ப்ராஜெக்ட் செய்ததிலிருந்து ஆப்டிமைசேஷன் (மிகச் சிறந்த விடையைத் தேடும்) கணக்குகள் மேல் ஆர்வம் வந்துவிட்டது. நில அதிர்வு அலைகளைக் கொண்டு பூமிக்குள் படமெடுக்கும் துறையில் இதற்கு நிறைய வேலை இருப்பதாகச் சொல்கிறார்கள். ஜியாலஜி ஒரு தாள்கூடப் படித்ததில்லை. முனைவர் பட்டத்துக்குப் போகலாமா? எண்ணெய்த் தேடல் குறைந்துபோனால் இந்தப் படிப்பு என்னாகும்? அடுத்த ஆறு மாதத்தில் என்ன செய்வது?

பதில்: வரலாம். ஆனால் ஜெனட்டிக் அல்காரிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, அதற்கேற்ற சிக்கலைத் தேடி வராதீர்கள். அலை எப்படிப் போகிறது, எப்படித் திரும்புகிறது என்று புரிந்துகொண்டவருக்குத்தான் இங்கே ஆப்டிமைசேஷன் கைகொடுக்கும். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கடலில் ஏர் கன், நிலத்தில் அதிர்வு லாரி அல்லது வெடி. இவற்றால் எழும் அலை பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்புவதை ஆயிரக்கணக்கான உணரிகள் பதிவுசெய்கின்றன. நிலத்தடியில் எந்த இடத்தில் அலையின் வேகம் எவ்வளவு என்று முதலில் ஒரு மாதிரி போட்டுக்கொள்கிறோம். அந்த மாதிரிக்குள் அலையைக் கணினியில் ஓடவிட்டு, கிடைப்பதைப் பதிவோடு ஒப்பிட்டு, வித்தியாசம் குறையும்படி மாதிரியைத் திருத்துகிறோம். ஃபுல் வேவ்ஃபார்ம் இன்வெர்ஷன் என்பது இதுதான். பிரான்சில் பேட்ரிக் லாயி 1983-லும், ஆல்பர்ட் டாரன்டோலா 1984-லும் இதன் கணிதத்தை வகுத்தார்கள்.

இப்போது அளவைப் பாருங்கள். 10 கி.மீ. நீளம், 10 கி.மீ. அகலம், 5 கி.மீ. ஆழம் உள்ள பகுதியை 25 மீட்டர் கட்டங்களாகப் பிரித்தால் 3.2 கோடிக் கட்டங்கள். கண்டுபிடிக்க வேண்டிய எண்களும் 3.2 கோடி. ஜெனட்டிக் அல்காரிதம் நூற்றுக்கணக்கான மாதிரிகளைத் தலைமுறை தலைமுறையாகச் சோதித்துப் பார்க்கும் முறை. இங்கே ஒரே ஒரு மாதிரியைச் சோதிக்கவே பெரிய கணினி பல மணி நேரம் ஓட வேண்டியிருக்கும். அதற்காக அந்த வகை முறைகள் இத்துறைக்கு ஆகாதவை என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்டான்ஃபோர்டில் டேனியல் ராத்மன் 1985-ல், தற்செயல் மாற்றங்களைச் செய்து பார்த்து விடை தேடும் சிமுலேட்டட் அனீலிங் முறையை மேல்மண்ணால் வரும் காலப்பிழைகளைத் திருத்தப் பயன்படுத்தினார். மிருணாள் சென்னும் பால் ஸ்டோஃபாவும் அனீலிங், ஜெனட்டிக் முறைகள் இரண்டையும் நில அதிர்வுக் கணக்குகளுக்குள் கொண்டுவந்தார்கள். தெரியாத எண்கள் குறைவாக இருக்கும் இடத்தில் இவை நன்றாகவே வேலை செய்யும்.

3.2 கோடி என்று வரும்போது சரிவு, அதாவது எந்தப் பக்கம் நகர்ந்தால் பிழை குறையும் என்பது, தெரிந்தால்தான் நகர முடியும். எந்தக் கட்டத்தில் வேகத்தைக் கூட்டினால் பிழை குறையும் என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கப் போனால் 3.2 கோடி முறை அலையை ஓட்ட வேண்டும். அட்ஜாய்ன்ட் முறையில் ஒவ்வொரு வெடிப்புக்கும் இரண்டே ஓட்டம். முதலில் அலையை முன்னோக்கி ஓட்டுகிறோம். பிறகு, பதிவுக்கும் கணக்குக்கும் உள்ள வித்தியாசத்தை உணரிகள் இருந்த இடங்களிலிருந்து காலத்தில் பின்னோக்கி ஓட்டுகிறோம். இரண்டு அலைகளும் ஒரே நேரத்தில் சந்திக்கும் இடங்களில் வேகத்தைத் திருத்த வேண்டும். முதன்முதலில் இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இன்றைக்கும் எனக்கு இதைவிட அழகான கணிதம் இந்தத் துறையில் கிடையாது.

சரி, சரிவு கிடைத்துவிட்டது. அப்புறம் என்ன சிக்கல்? பஜனையில் தாளம் போடுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். அரைத் தட்டுக்கும் குறைவாகப் பிந்தினால், காதால் கேட்டுச் சரிசெய்துகொண்டு சரியான தட்டுக்கு வந்துவிடுவார். அரைத் தட்டுக்கு மேல் பிந்திவிட்டால் அவருக்குப் பக்கத்தில் இருப்பது அடுத்த தட்டுதான். அதில் போய் ஒட்டிக்கொள்வார். தட்டுக்குத் தட்டு பொருந்துவதாகவே அவருக்குத் தோன்றும், ஆனால் முழுதாக ஒரு தட்டு தள்ளிப் போயிருப்பார். அலையிலும் இதேதான். இதை சைக்கிள் ஸ்கிப்பிங் என்கிறோம்.

எண்களில் சொன்னால், ஓர் அலை திரும்பிவர 4 விநாடி ஆகிறது, உங்கள் மாதிரியில் வேகம் 3 சதவீதம் தவறு என்று வையுங்கள். காலப்பிழை சுமார் 120 மில்லி விநாடி. 5 ஹெர்ட்ஸ் அலையில் அரைச் சுழற்சி 100 மில்லி விநாடி, அதனால் தடம் மாறிவிடும். 3 ஹெர்ட்ஸில் அரைச் சுழற்சி 167 மில்லி விநாடி, தப்பித்துவிடலாம். சவுக்க காலத்தில் தட்டுக்கும் தட்டுக்கும் இடைவெளி அதிகம் அல்லவா, அதுபோல. ஆகவே தாழ்ந்த அதிர்வெண்ணில் தொடங்கிப் படிப்படியாக ஏறுவது வழக்கமாயிற்று. ஆனால் 3 ஹெர்ட்ஸுக்குக் கீழே இரைச்சல் இல்லாத பதிவு கிடைப்பது கடினம். பிழையை அளக்கும் முறையையே மாற்றலாம் என்று 2014 முதல், ஒரு வடிவத்தை இன்னொன்றாக நகர்த்த ஆகும் செலவை அளக்கும் ஆப்டிமல் டிரான்ஸ்போர்ட் கணிதத்தை பியோர்ன் எங்க்விஸ்ட் போன்றோர் இங்கே கொண்டுவந்ததும் இதே சிக்கலுக்காகத்தான்.

நான் ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது ஏழு மாதம் இதில் போனது. ஸ்டீப்பஸ்ட் டிசென்ட், கான்ஜுகேட் கிரேடியன்ட், எல்-பி.எஃப்.ஜி.எஸ். என்று முறையை மாற்றிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு முறையும் பிழை வரைகோடு ஒழுங்காக இறங்கியது, ஒவ்வொரு முறையும் அதே தவறான வேகம் வந்தது. கடைசியில் ஒரே ஒரு உணரியின் பதிவையும் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரைந்தேன். முழுதாக ஒரு சுழற்சி தள்ளியிருந்தது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

இதனால்தான் அடுத்த ஆறு மாதத்துக்கு ஒரே வேலை சொல்கிறேன். பைத்தானில் 200-க்கு 200 கட்டத்தில் இருபரிமாண அலைச் சமன்பாட்டை நீங்களே எழுதுங்கள். அட்ஜாய்ன்ட் சரிவையும் எழுதி, பத்துப் பதினைந்து கட்டங்களிலாவது, வேகத்தைக் கொஞ்சம் மாற்றி நேரடியாகக் கண்ட பிழை வித்தியாசத்தோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள். பிறகு மார்மூசி மாதிரிக்குப் போங்கள். அங்கோலாவின் குவான்சா படுகையை அடிப்படையாகக் கொண்டு 1988-ல் பிரெஞ்சு பெட்ரோலிய நிறுவனம் உருவாக்கிய அந்த மாதிரியில்தான் இத்துறையில் பலரும் கைபழகினோம். பதிவைத் தயாரித்த அதே நிரலால் அதே கட்டத்தில் விடை தேடாதீர்கள். தானே கேள்வித்தாள் தயாரித்துத் தானே பரீட்சை எழுதுவது போலாகிவிடும். டெவிட்டோ மாதிரியான திறந்த மென்பொருள்கள் அருமையானவை, ஆனால் அவை இரண்டாவது படி.

ஜியாலஜி தெரியாமல் உள்ளே வரலாம், தெரியாமலே இருந்துவிட முடியாது. வட கடலின் நார்வே பகுதியில் உள்ள வால்ஹால் எண்ணெய்வயலில், கடலடியில் நிரந்தரமாகப் பதித்த உணரிகளின் பதிவுகளுக்கு இந்த முறையைப் பயன்படுத்திய ஆய்வு 2010-ல் வெளிவந்தது. கடலடிக்குச் சற்றுக் கீழே பழைய நீரோட்டத் தடங்கள் வேக வரைபடத்தில் வளைந்து வளைந்து தெரிந்தன. அவை தடங்கள் என்று கண்டுகொள்ள ஜியாலஜி தெரிந்த கண் வேண்டும். டாரன்டோலாவின் சமன்பாட்டிலிருந்து அந்தப் படத்துக்கு வர சுமார் 25 ஆண்டுகள் ஆயின என்பதையும் கவனியுங்கள். கணிதம் தயாராக இருந்தும் முப்பரிமாணக் கணக்குக்கான கணினியும் தகுந்த பதிவுகளும் வரக் காத்திருந்தது.

எண்ணெயைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. கச்சா எண்ணெய் விலை 2014-ல் சரியத் தொடங்கியபோது நில அதிர்வு நிறுவனங்களில் பலர் வேலை இழந்தார்கள். ஆனால் இந்தக் கணக்கு எண்ணெயோடு முடிவதில்லை. நார்வேயின் ஸ்லைப்னரில் 1996 முதல் கடலடிப் பாறைக்குள் செலுத்தும் கார்பன் டை ஆக்சைடு எங்கே பரவுகிறது என்பதை, மீண்டும் மீண்டும் நில அதிர்வு ஆய்வு செய்துதான் கண்காணிக்கிறார்கள். தெற்குக் கலிஃபோர்னியாவில் பூமியின் மேலோட்டுக்கான வேக மாதிரியை நிலநடுக்கப் பதிவுகளிலிருந்து அட்ஜாய்ன்ட் முறையால் 16 சுற்றுகளில் திருத்திய ஆய்வு 2009-ல் வந்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு, மண்டை ஓட்டைத் தாண்டி அல்ட்ராசவுண்டால் மூளையைப் படமெடுக்க இதே கணிதம் உதவும் என்று 2020-ல் கணினிச் சோதனைகளில் காட்டியது.

இந்தியாவில் ஹைதராபாத் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம், கரக்பூர், தன்பாத், ரூர்க்கி, மும்பை ஐ.ஐ.டி.க்களைப் பாருங்கள். கேட் தேர்வின் ஜி.ஜி. தாளில் ஜியோபிசிக்ஸ் பகுதியைத் தேர்ந்தெடுக்கலாம், உங்கள் இயற்பியல் அதற்குக் கைகொடுக்கும். இடத்தின் பெயரைவிட வழிகாட்டியைப் பார்த்து முடிவெடுங்கள். உண்மையான பதிவுகள் அந்தக் குழுவிடம் இருக்கின்றனவா, கணினி நேரம் எவ்வளவு கிடைக்கும் என்று அங்கே மூன்றாம் ஆண்டில் இருக்கும் மாணவரிடம் கேளுங்கள். வழிகாட்டிக்கு எழுதும் மின்னஞ்சலில் நன்றாக வந்த படத்தை மட்டும் இணைக்காதீர்கள். 5 ஹெர்ட்ஸில் தொடங்கித் தடம் மாறிய படத்தையும், எந்த உணரியில் அதைக் கண்டுபிடித்தீர்கள் என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். மாணவர் தேர்வில் நான் முதலில் தேடுவது அந்தப் படத்தைத்தான்.