காஸியோ 1 என்கிறது, போன் 16 என்கிறது: எது சரி?

கேள்வி: என் மகள் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள். 8÷2(2+2) என்ற கணக்குக்கு அவளுடைய காஸியோ கால்குலேட்டர் 1 காட்டுகிறது, என் போன் 16 காட்டுகிறது. பயிற்சி மையத்தில் ‘போட்மாஸ் (அடைப்புக்குறி, ஆஃப், வகுத்தல், பெருக்கல், கூட்டல், கழித்தல்) எழுத்து வரிசைதான் சட்டம்’ என்கிறார்களாம். எதை நம்புவது?

பதில்: இரண்டு கருவியிலும் பழுதில்லை. 2-க்கும் அடைப்புக்குறிக்கும் நடுவே பெருக்கல் குறி இல்லை என்பதுதான் சிக்கல். காஸியோ அப்படி ஒட்டி நிற்பதை ஒரே தொகுப்பாக எடுத்து 8÷(2×4) என்று போடுகிறது. கிளாஸ்விஸ் மாடல் என்றால் அந்தக் கூடுதல் அடைப்புக்குறியைத் திரையிலும் காட்டிவிடும். போன் அங்கே சாதாரணப் பெருக்கல் குறி இருப்பதாக வைத்துக்கொண்டு இடமிருந்து வலமாகப் போகிறது: 8÷2=4, 4×4=16. 2019-ல் இணையம் முழுக்க அடித்துக்கொண்ட கணக்கு இது. எழுதியவர் ஒரு அடைப்புக்குறி போட்டிருந்தால் சண்டையே இல்லை. ÷ குறியையே தவிர்க்கச் சொல்கிறது ஐஎஸ்ஓ 80000 என்ற சர்வதேசத் தர விதி. அதை எந்த வினாத்தாள் தயாரிப்பவர் படித்தார்?

உங்கள் மகள் உண்மையில் பயப்பட வேண்டியது அந்த ‘எழுத்து வரிசை’ பாடத்துக்கு. வகுத்தலும் பெருக்கலும் ஒரே தரம். எது இடப்பக்கம் வருகிறதோ அதுதான் முதலில். கூட்டல் கழித்தலும் அப்படியே. வகுத்தலை எப்போதும் முதலில் செய்தாலும் விடை மாறாது, அதனால்தான் இந்தக் குறுக்குவழி பல வருடம் பிடிபடாமல் ஓடுகிறது. கூட்டலில்தான் காலை வாரிவிடும். 10−4+3 என்பதில் கூட்டலை முதலில் செய்தால் 10−7=3; சரியான விடை 9. ‘ஒரே வாரத்தில் சுருக்குதல்’ என்று காசு வாங்கும் மையங்களின் கையேட்டை வாங்குமுன் இந்த ஒரு கணக்கை அதில் சோதித்துப் பாருங்கள்.

அடுத்தது ‘ஆஃப்’, அதாவது ஆங்கில ‘of’. நம் நாட்டுப் புத்தகங்களில் போட்மாஸின் ‘ஓ’ இதுதான்; வெளிநாட்டு வீடியோக்களில் அதே ‘ஓ’ அடுக்கைக் குறிக்கும், அங்கே பார்த்துவிட்டு இங்கே குழம்ப வேண்டாம். ‘ஆஃப்’ என்பது பெருக்கல்தான், ஆனால் வகுத்தலுக்கு முன்பே முடிக்க வேண்டிய பெருக்கல். 36 ÷ 3 ஆஃப் 4 + 2 என்றால் முதலில் 3×4=12, பிறகு 36÷12=3, விடை 5. × என்று படித்தால் 50 வரும். அந்த 50-ஐயும் விடைத் தெரிவுகளில் வைத்திருப்பார்கள். சதவீதத்திலும் இதே கதைதான்: 48 ÷ 25% ஆஃப் 16-க்கு விடை 12. இன்னொன்று, ‘ஆஃப்’ தன் இரு பக்கத்து எண்களோடு நின்றுவிடும். 60 ÷ 5 ஆஃப் 2 × 3 என்பதில் 5×2=10, 60÷10=6, 6×3=18. அந்த 3-ஐயும் உள்ளே இழுத்து 2 என்று விடை எழுதுபவர்கள் நிறைய. ‘ஆஃப்’புக்கு முன்னால் வகுத்தல் குறி இல்லையென்றால் கவலையே வேண்டாம், வெறும் பெருக்கலாக எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் கால்குலேட்டரில் சரிபார்க்கும்போது அந்தப் பகுதிக்கு அவளே அடைப்புக்குறி போட வேண்டும்: 36÷(3×4)+2.

கடையில் வைத்திருக்கும் சாதாரண கால்குலேட்டரில் சரிபார்க்கவே வேண்டாம். அதில் 2+3×4 தட்டினால் 20 என்று காட்டும்.

தேர்வில் 8÷2(2+2) மாதிரி வந்தால் விடைத் தெரிவுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். 1, 16 இரண்டில் ஒன்றுதான் இருந்தால் அதையே நிரப்பட்டும். இரண்டும் இருந்தால், இடமிருந்து வலமாகப் போனால் வரும் 16. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. உத்தேச விடை வெளியானதும் கெடுவுக்குள் இணையத்தில் ஆட்சேபம் போடுங்கள், பாடநூல் பக்கத்தை இணைத்து. பயிற்சி மையக் கையேடு அங்கே எடுபடாது. கேள்வியைக் குழப்பமாகக் கேட்டவர்கள் வேறு, ஆதாரம் தேடி அலைவது நம் பிள்ளைகள்.