கண் அறுவை மருத்துவம், நொதி, குடல் அசைவு என்று மூன்றிலும் கட்டுரை எழுதியிருக்கும் பேராசிரியரிடம் ஆய்வுப் படிப்புக்குச் சேரலாமா?

சென்னையில் ஆய்வுப் படிப்புக்கு இடம் தேடும் உங்கள் மகள், தாம் அணுக விரும்பும் மருந்தியல் பேராசிரியரின் கட்டுரைப் பட்டியலில் கண் அறுவையில் பயன்படும் மருந்துகள், கோலின்எஸ்டரேஸ் நொதி, குடல் அசைவு ஆகிய மூன்றும் கலந்து கிடப்பதைக் கண்டு தயங்குவதாகவும், இவ்வளவு தொலைவான துறைகளில் ஒருவர் எழுதுவது முறையான ஆய்வுதானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதே நகரில் மருத்துவ மாணவர்களுக்கு மருந்தியல் கற்பிக்கும் என் கண்ணுக்கு இந்தச் சேர்க்கை விநோதமாகத் தோன்றவில்லை. மருத்துவமனையில் இம்மூன்றும் வெவ்வேறு துறைகளாகப் பிரிந்திருப்பது நிர்வாக வசதிக்காக. மருந்தியலில் இவை ஒரே பாடத்தின் மூன்று பக்கங்கள். ஆனால் பட்டியலை நம்பலாமா என்பது தனிக் கேள்வி. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மூன்றையும் இணைப்பது அசிட்டைல்கோலின் என்னும் சிறிய மூலக்கூறு. நரம்பு முனையிலிருந்து வெளிப்படும் அது, கண்பாவையைச் சூழ்ந்த நிறத் திரையான ஐரிஸின் சுருக்குத் தசையை அடைந்தால் கண்பாவை சிறுக்கும். குடற்சுவரின் மென்தசையை அடைந்தால் குடல் சுருங்கும். வேலை முடிந்தவுடன் அதைச் சிதைத்து அப்புறப்படுத்துவது அசிட்டைல்கோலின்எஸ்டரேஸ் என்னும் நொதி. இந்த நொதியின் ஒரு மூலக்கூறு ஒரு விநாடியில் பல ஆயிரம் அசிட்டைல்கோலின் மூலக்கூறுகளைச் சிதைக்க வல்லது. நொதியைத் தடுத்தால் தசைக்கு வந்த கட்டளை ஓயாமல் நீடிக்கும். அதன் விளைவு கண்ணிலும் தெரியும், வயிற்றிலும் தெரியும்.

இந்தத் தொடர்பு கண்டறியப்பட்ட வரலாறே கண்ணிலிருந்துதான் தொடங்குகிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் கலபார் பகுதியில், குற்றம் சாட்டப்பட்டவரை உண்ணச் செய்து உண்மையைச் சோதிக்க ஒரு நச்சு அவரையைப் பயன்படுத்தினார்கள். எடின்பரோவில் அதை ஆராய்ந்த தாமஸ் ஃப்ரேசர் அதன் சாறு கண்பாவையைச் சுருக்குவதைக் கவனித்தார். அவர் வழியாக அதை அறிந்த கண் மருத்துவர் ஆர்கைல் ராபர்ட்சன் 1863-இல் அதைக் கண் மருந்தாக அறிமுகப்படுத்தி எழுதினார். அதிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஃபைசோஸ்டிக்மினை லூட்விக் லாக்வர் 1876-இல் கண் அழுத்த நோய்க்குப் பயன்படுத்தினார். அவருக்கே அந்த நோய் இருந்தது. இவர்களில் யாருக்கும் அம்மருந்து எப்படி வேலை செய்கிறது என்பது தெரியாது. மருந்தியலாளர் ஒட்டோ லோவி 1921-இல் தவளை இதயத்தில் நடத்திய சோதனையால் நரம்பு ஒரு வேதிப்பொருள் வழியாகப் பேசுகிறது என்று நிறுவி, 1926-இல் சக ஆய்வாளர் நவ்ராட்டிலுடன் சேர்ந்து, ஃபைசோஸ்டிக்மின் அந்த வேதிப்பொருளின் சிதைவைத் தடுக்கிறது என்று காட்டிய பிறகுதான் காரணம் விளங்கிற்று. கண் மருந்தாக அறுபதாண்டு வழங்கிய பிறகே அது நொதி ஆய்வின் கருவியானது. ஆகவே கண் மருந்தில் தொடங்கி நொதிக்குப் போகும் ஆய்வாளர், துறை தன் வரலாற்றில் போன வழியில்தான் போகிறார்.

நம் ஊருக்கும் இதில் பங்குண்டு. 1819-இல் தொடங்கப்பட்டு இன்று எழும்பூரில் இயங்கும் அரசு கண் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட், கண் அழுத்த நோய்க்கு வெண்விழிப் படலத்தின் விளிம்பில் சிறு வட்டத் துளையிடும் அறுவை முறையை 1909-இல் அறிமுகப்படுத்தி உலகெங்கும் அறியப்பட்டார். கண்ணுக்குள் தேங்கும் நீரைச் சொட்டு மருந்தால் வடியச் செய்வதா, கத்தியால் வழி திறப்பதா என்ற அந்தக் காலத்து விவாதத்தில் ஒரு பக்கம் இந்த நொதித் தடுப்பான்கள் நின்றன, மறுபக்கம் எலியட்டின் அறுவை நின்றது.

இன்றைய கண்புரை அறுவையில் நொதியின் வேலையை நேரிலேயே காணலாம். செயற்கை லென்ஸைப் பொருத்திய பின் கண்பாவையை உடனே சுருக்க வேண்டிய நிலை சில நோயாளிகளிடம் வருகிறது. அதற்கு 1% அசிட்டைல்கோலின் கரைசலையோ 0.01% கார்பக்கோல் கரைசலையோ கண்ணின் முன்னறைக்குள் செலுத்துவார்கள். இரண்டும் ஒரே ஏற்பியை, அதாவது அசிட்டைல்கோலின் வந்து ஒட்டும் தசையின் புரதத்தை, தூண்டுகின்றன. ஆயினும் முதலாவதன் விளைவு சில நிமிடங்களில், மிஞ்சினால் கால் மணி நேர அளவில், தணிந்துவிடுகிறது. இரண்டாவதன் விளைவு ஏறக்குறைய ஒரு நாள் நீடிக்கிறது. கார்பக்கோலை அந்த நொதி எளிதில் சிதைக்க முடியாது என்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். அசிட்டைல்கோலின் கரைசலாக வைத்தால் நிலைத்திருக்காது என்பதால் அதைப் பொடியாக வைத்திருந்து, பயன்படுத்தும் தறுவாயில் கரைப்பார்கள். நொதியின் செயல்வேகம் என்பதை வகுப்பில் வரைபடமாகப் போட்டு விளக்குவதைவிட இந்த இரு மருந்துகளை ஒப்பிட்டுச் சொன்னால் மாணவர்கள் விரைவில் புரிந்துகொள்கிறார்கள்.

கண்ணில் விட்ட மருந்து கண்ணோடு நிற்பதில்லை என்பது அடுத்த செய்தி. சொட்டின் பெரும்பகுதி கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்குள் இறங்கி, அங்குள்ள சவ்வின் மூலம் நேராக இரத்தத்தில் கலக்கிறது. ஈரலைக் கடந்து வரும் வடிகட்டல் அதற்குக் கிடைப்பதில்லை. அசிட்டைல்கோலினின் வேலையை ஏற்பியிலேயே மறிக்கும் அட்ரோபினைப் பாருங்கள். 1% அட்ரோபின் சொட்டு மருந்தின் ஒரு துளி ஏறக்குறைய 0.05 மில்லிலிட்டர் என்றால் அதில் 0.5 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. நம் மருத்துவமனைகளில் ஊசிக்கென வைத்திருக்கும் அட்ரோபின் குப்பியில் 0.6 மில்லிகிராம் இருக்கும். அதாவது கண்ணாடி அளவு பார்ப்பதற்காக ஒரு சிறு குழந்தையின் இரு கண்களிலும் விடப்படும் துளிகள், முழுதாக உறிஞ்சப்பட்டால், ஒரு பெரியவருக்குப் போடும் ஊசியை மிஞ்சிவிடக்கூடும். முகம் சிவத்தல், வாய் உலர்தல், உடல் சூடு, வயிற்று அசைவு மந்தமாதல் ஆகியவை அப்படித்தான் வருகின்றன. சொட்டு விட்டபின் கண்ணின் உள்மூலையைச் சிறிது நேரம் விரலால் அழுத்தச் சொல்வது இதற்காகவே.

எதிர்த்திசையிலும் இது நடக்கிறது. வயிற்றுப் பிடிப்புக்கு மருந்துக் கடையில் வாங்கி விழுங்கும் டைசைக்ளோமின் குடலின் மென்தசையைத் தளர்த்துகிறது. அதே செயலால் கண்பாவையையும் சற்று விரிக்கக்கூடும். கண்ணின் நீர் வடியும் கோணம் குறுகலாக உள்ளவருக்கு அது திடீர்க் கண் அழுத்தத்தை வருவிக்கலாம் என்பதால்தான் கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு எச்சரிக்கை தரப்படுகிறது. இதை நோயாளியிடம் சொல்ல மறக்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள் என்பது என் வருத்தம். ஊமத்தங்காயைத் தின்றுவிட்ட பிள்ளைக்குப் பாவை விரிவதும் வயிறு உப்பி நிற்பதும் சேர்ந்தே வருவதன் காரணமும் இதுதான். ஊமத்தையில் அட்ரோபினும் ஸ்கோபோலமினும் உள்ளன.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு எக்கோத்தையோஃபேட். கண் அழுத்த நோய்க்கு முன்னர் பரவலாகப் பயன்பட்ட இந்தச் சொட்டு மருந்து, பூச்சிக்கொல்லிகளின் வேதிக் குடும்பமான கரிமப் பாஸ்பரஸ் வகையைச் சேர்ந்தது. நொதியைப் பற்றிக்கொண்டால் எளிதில் விடாது. அதை நீண்ட நாள் விட்டுக்கொண்ட சிலருக்கு வயிற்றுப் பிடிப்பும் பேதியும் வந்தன. அத்துடன், இரத்தத்தில் உள்ள பியூட்டைரில்கோலின்எஸ்டரேஸ் என்னும் உறவு நொதியும் குறைந்தது. அறுவைக்கு முன் தசைகளைத் தளர்த்தத் தரும் சக்சினைல்கோலினை இரத்தத்தில் சிதைப்பது இந்த உறவு நொதிதான். எனவே அத்தகையவருக்கு மயக்கம் கொடுத்தால், சில நிமிடங்களில் திரும்ப வேண்டிய மூச்சு நெடுநேரம் திரும்பாமல் போகலாம். செயற்கைச் சுவாசத்தில் வைத்துக் காத்திருக்க வேண்டும். கண்ணில் விட்ட மருந்து குடலைக் கலக்கி, மயக்கவியல் மருத்துவரையும் கவலைக்குள்ளாக்கும் இந்த நிகழ்வை எந்த ஒரு துறைக்குள் அடைப்பது?

பியூட்டைரில்கோலின்எஸ்டரேஸ் பிறவியிலேயே செயலற்றுப் போவதும் உண்டு. தென்னிந்தியாவின் ஆரிய வைசிய சமூகத்தினரிடையே இது மற்றவர்களைவிட அதிகம் காணப்படுவதும், அதற்குப் பொறுப்பான ஒரு மரபணு மாற்றமும், கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்று 2006-இல் வெளியான ஆய்வில் விவரிக்கப்பட்டுள்ளன. அன்றாட வாழ்வில் இதனால் எந்தத் தொல்லையும் இல்லை. அறுவைக்கு முன் குடும்பத்தில் யாருக்காவது மயக்கம் தெளியத் தாமதமானதா என்று மருத்துவர் கேட்டால், அந்தக் கேள்விக்குப் பொருள் இதுவே.

இனிக் குடல். உடலியலாளர்களான பேலிஸ், ஸ்டார்லிங் இருவரும் 1899-இல் நாயின் சிறுகுடலில் நடத்திய சோதனைகளால், வெளியிலிருந்து வரும் நரம்புகளைத் துண்டித்த பிறகும் குடல் தன் சுவருக்குள்ளேயே இருக்கும் நரம்பு வலையைக் கொண்டு உணவுக்கு மேற்புறம் சுருங்கி, கீழ்ப்புறம் தளர்ந்து, அதைத் தள்ளுகிறது என்று காட்டினார்கள். அதனால் குடலின் ஒரு துண்டை வெட்டி எடுத்து, உறுப்புத் தொட்டி என்னும் கலத்தில் உப்புக் கரைசலில் 37 பாகை வெப்பத்தில் காற்றூட்டி வைத்தால், அது வெகுநேரம் உயிர்ப்புடன் சுருங்கிக்கொண்டிருக்கும். எங்கள் தலைமுறை புகைக்கரி பூசிய தாள் சுற்றிய உருளையில் அந்தச் சுருக்கங்களைக் கீறிப் படித்தது; இப்போது விசை உணரியும் கணினியும் வந்துவிட்டன, பல கல்லூரிகளில் விலங்குக்குப் பதில் கணினி மாதிரியே வந்துவிட்டது. மருந்தியலாளர் பேட்டன் 1957-இல் கினிப்பன்றியின் சிறுகுடல் துண்டை வைத்தே, மார்ஃபின் அசிட்டைல்கோலின் வெளிப்படுவதைக் குறைக்கிறது என்று காட்டினார். மார்ஃபின் வகை வலிநிவாரணிகள் மலச்சிக்கலைத் தருவதில் இதற்குப் பெரும் பங்குண்டு. ஐரிஸ் தசையின் கீற்றையும் இதே தொட்டியில், இதே கரைசலில், இதே உணரியில் மாட்டி அளக்கலாம் என்பதை உங்கள் மகள் கவனிக்க வேண்டும்.

நொதியைத் தடுப்பது குடலுக்கு மருந்தாவதற்கும் நல்ல சான்று இருக்கிறது. அடைப்பு எதுவுமின்றியே பெருங்குடல் அசைவற்று ஊதிப்போகும் நிலைக்கு ஓகில்வி நோய் என்று பெயர். 1999-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வில், நொதித் தடுப்பானான நியோஸ்டிக்மின் 2 மில்லிகிராம் ஊசி போடப்பட்ட 11 பேரில் 10 பேருக்கு உடனடி நிவாரணம் கிடைத்தது. வெற்று ஊசி பெற்ற 10 பேரில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. பலன் தெரிய ஆன இடைநிலை நேரம் 4 நிமிடம். 21 பேர் மட்டுமே பங்கேற்ற ஆய்வு இவ்வளவு தெளிவாக விடை சொல்வது அரிது. இதயத் துடிப்பு குறைந்துவிடலாம் என்பதால் அப்போது அட்ரோபினைக் கையருகில் வைத்திருப்பார்கள்.

கண்ணும் குடலும் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன என்று இதுவரை நான் எழுதியதில் ஒரு மிகைப்படுத்தல் இருக்கிறது. அசிட்டைல்கோலின் ஏற்பிகளில் எம்3 என்னும் வகையின் மரபணுவை நீக்கிய எலிகளை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2000-இல் விவரித்தார்கள். அவற்றின் கண்பாவைகள் விரிந்திருந்தன, சிறுநீர்ப்பை வீங்கியிருந்தது. ஆனால் எதிர்பார்த்ததற்கு மாறாக, குடலில் பெரிய கோளாறு தென்படவில்லை. குடலுக்கு எம்2 ஏற்பியும் வேறு வழிகளும் துணை நிற்கின்றன. நெப்ராஸ்காவில் உருவாக்கப்பட்ட, அசிட்டைல்கோலின்எஸ்டரேஸ் அறவே இல்லாத எலிகளோ இறந்தே பிறக்கும் என்று கருதப்பட்டதற்கு மாறாக உயிருடன் பிறந்தன. கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்கியிருந்த அவை, திரவ உணவு கொடுத்தபோது வளர்ந்த பருவத்தை எட்டின. இத்தகைய எதிர்பாராத முடிவுகளைப் பின்தொடர வேண்டுமானால் கண், நொதி, குடல் மூன்றையும் ஒரே ஆய்வகம் அளந்தாக வேண்டும்.

இதே படத்தை நம் அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகள் வேறு விதத்தில் அறியும். கரிமப் பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து உடலில் சேர்ந்துவிட்ட விவசாயத் தொழிலாளிக்குக் கண்பாவை சுருங்கி, எச்சில் பெருகி, வயிறு கலங்கி, பேதியாகும். இரத்தத்தில் நொதியின் அளவைப் பார்த்து உறுதி செய்து, அட்ரோபினைக் கொடுத்து மீட்பார்கள்.

இனி உங்கள் கேள்வியின் கடினமான பகுதி. மூன்று தலைப்புகள் இருப்பது குற்றமன்று என்பதால் எல்லாப் பட்டியலும் நேர்மையானது என்றாகிவிடாது. பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணிக்கை வேண்டியிருப்பதால், செய்யாத வேலைக்குப் பெயரைச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் இங்கே இருக்கிறது. தலைப்புகளை விட்டுவிட்டு ஒவ்வொரு கட்டுரையின் செய்முறைப் பகுதியைப் படிக்கச் சொல்லுங்கள். அதே தடுப்பான்கள், அதே அளவீட்டு முறை, திரும்பத் திரும்ப வரும் அதே மாணவர்களின் பெயர்கள் தென்பட்டால் அது ஓர் ஆய்வகத்தின் தொடர்ச்சியான வேலை. கண் கட்டுரையில் லென்ஸ் அறுவையின் வெற்றி விழுக்காடும், நொதிக் கட்டுரையில் கணினிக் கணிப்பும், குடல் கட்டுரையில் மூலிகைச் சாறும் இருந்து, இணை ஆசிரியர்கள் ஒவ்வொன்றிலும் முற்றிலும் வேறானால், நான் தயங்குவேன்.

அதன் பிறகு ஆய்வகத்தை நேரில் பார்க்கட்டும். உறுப்புத் தொட்டியில் தண்ணீர் ஓடுகிறதா, அதை இப்போது யார் பயன்படுத்துகிறார்கள், விலங்குச் சோதனைக்கு நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எந்தத் திட்டத்துக்கு இருக்கிறது, தாம் சேர்ந்தால் மூன்றில் எந்த வேலையைத் தொடர வேண்டும் என்று கேட்கட்டும். கடைசிக் கேள்விக்குப் பேராசிரியர் ஓர் ஏற்பியின் பெயரையோ நொதியின் பெயரையோ சொல்லித் தொடங்கினால் சேர்வதில் தயக்கம் வேண்டியதில்லை. இதழின் பெயரைச் சொல்லித் தொடங்கினால் வேறு இடம் பார்க்கலாம்.